ஐம்பது பார்வைப்புலங்கள்

உயிரியல் படிக்க வந்த பிள்ளைகளில் பாதிப் பேர் கணக்குக்குப் பயந்து அந்தப் பக்கம் வந்தவர்கள். அவர்களுக்குப் புள்ளிவிபரவியல் படிப்பிக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. எனக்கு இருபத்தாறு வயது. வவுனியாவில், நெளுக்குளத்தில் வாடகைக்கு எடுத்த வீடொன்றில் எங்கள் கல்லூரியின் உயிரியல் பிரிவு நடந்துகொண்டிருந்தது. விறாந்தையில் விரிவுரை, சாப்பாட்டறையில் ஆய்வுகூடம், நடு அறையில் கணினி.

முதல் தவணை முழுக்கக் கரும்பலகையில் சூத்திரம் எழுதினேன். அவர்கள் பார்த்து எழுதினார்கள். பரீட்சையில் சூத்திரம் சரியாக இருந்தது, விடையும் சரியாக இருந்தது. ஒருத்தியைக் கூப்பிட்டு, "இடை எண்டால் என்ன?" என்று கேட்டேன்.

"எல்லாத்தையும் கூட்டி, எத்தனை எண்டு பாத்துப் பிரிக்கிறது மிஸ்."

"எதுக்குப் பிரிக்கிறது?"

அவள் என்னைப் பாவமாகப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் கரும்பலகையை விட்டுவிட்டுக் கணினி இருந்த அறைக்கு அவர்களைக் கூட்டிக்கொண்டு போனேன்.

அது பழைய கணினி. கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. கொழும்பிலிருந்து தாண்டிக்குளம்வரை எங்கே எதைக் கொண்டுபோனாலும் கேள்வி கேட்கும் காலத்தில், அதைக் கொண்டுவந்து சேர்த்ததே பெரிய காரியம். மின்சாரம் வந்தால் ஓடும், போனால் நிற்கும். இருபத்திரண்டு பிள்ளைகள் அதைச் சுற்றி நெருக்கியடித்து நிற்பார்கள். உயரமானவர்கள் பின்னுக்கு, கண்ணாடி போட்டவர்கள் முன்னுக்கு. அதில் கட்டங் கட்டமாக எண்களைப் போட்டு வைக்கும் ஒரு செயலி இருந்தது. எழுமாற்று எண்களை, அதாவது ஒழுங்கில்லாமல் வரும் எண்களை, தரும்படி கேட்டு ஒரு விசையை அழுத்தினால், திரை முழுக்க எண்கள் மாறும். திரும்ப அழுத்தினால் திரும்ப மாறும்.

முதல் நாள் அது அவர்களுக்குப் பிடிக்கவில்லை. "கொம்பியூட்டர் ஏன் மிஸ் ஒவ்வொருக்காலும் வேற வேற மறுமொழி சொல்லுது? பழுதோ?" என்று ஒருவன் கேட்டான். அந்தக் கேள்விக்குத்தான் நான் ஒரு தவணையாகக் காத்திருந்தேன். பழுதில்லை, ஒரே குளத்தில் இரண்டு பேர் தண்ணீர் அள்ளினால் இரண்டு பேரின் வாளியிலும் ஒரே எண்ணிக்கைப் பூச்சி வராது என்று சொன்னேன். அன்றைக்கு அந்த அறையில் முதல் தடவையாக ஒருவரோடொருவர் வாதாடினார்கள். எனக்குச் சந்தோசமாக இருந்தது.

அந்த வருடம் வவுனியாவில் மலேரியா மோசம். அகதி முகாம்களில் ஒரு கொட்டிலுக்கு ஒருவராவது போர்த்திக்கொண்டு படுத்திருப்பார்கள். அதனால் விலங்கியல் படிப்பித்த மூத்த விரிவுரையாளர், இரத்தத்தில் மலேரியாக் கிருமியைத் தேடுவதையே செய்முறைப் பாடமாக வைத்தார். பிள்ளைகள் தங்கள் விரலைத் தாங்களே குத்தி, ஒரு சொட்டு இரத்தத்தைக் கண்ணாடிச் சிலைட்டில் தடவி, சாயம் போட்டுக் காயவைத்தார்கள். இருந்தது ஒரேயொரு நல்ல நுணுக்குக்காட்டி. அதில் ஒரு தடவைக்குத் தெரியும் வட்டத்தைப் பார்வைப்புலம் என்போம். சிலைட்டை மெல்ல நகர்த்தினால் அடுத்த வட்டம். நேரமும் இல்லை, பார்க்கும்போது சிலைட்டில் விடும் எண்ணெயும் மட்டு மட்டு. ஆகவே, பழக்கத்துக்கு ஆளுக்கு ஐம்பது பார்வைப்புலம் பார்த்தால் போதும் என்று அவர் சொல்லியிருந்தார்.

நுணுக்குக்காட்டியில் கை படிந்தவன் ஒருவன்தான். அவனுடைய பெற்றோர் மலையகத்திலிருந்து வந்து, வவுனியாவுக்கு அப்பால் காடு வெட்டித் தோட்டம் செய்தவர்கள். அவசரப்படாதவன். மற்றவர்கள் தங்கள் சிலைட்டைப் பார்க்கத் தெரியாமல் அவனிடம்தான் கொடுப்பார்கள்.

அப்படிக் கொடுத்தவர்களில் முள்ளிவாய்க்காலிலிருந்து வந்து படித்த பிள்ளையும் ஒருத்தி. கத்தோலிக்கக் குடும்பம், கடலும் களப்பும்தான் தொழில். அவளுடைய தகப்பன் முந்தின வருடம் கடலால் வந்து கரையில் இறங்கியபடியே விழுந்து இறந்துபோனார். செய்தி வந்தபோது சண்டையால் பாதை மூடியிருந்தது. பாதை திறந்து அவள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. இப்போது தகப்பனுக்கு ஆண்டுப் பூசை. அதற்குப் போவதற்கு அவள் மாதக் கணக்காக அலைந்து இராணுவத்திடம் அனுமதி எடுத்து வைத்திருந்தாள்.

போவதற்கு முந்தின கிழமை அவளுக்கு ஒரு நாள் காய்ச்சல் வந்தது. மறுநாள் விட்டுவிட்டது. வெள்ளிக்கிழமை அவளுடைய சிலைட்டைப் பார்த்து அவன் "இல்லை" என்று சொன்னபோது, அவள் கும்பிட்டுக் காட்டிச் சிரித்தது எனக்கு நினைவிருக்கிறது. "அப்ப நான் திங்கக்கிழமை வெளிக்கிடலாம்," என்றாள்.

திங்கட்கிழமை காலை எனக்குக் கணினி வகுப்பு. விலங்கியல் விரிவுரையாளர் கொழும்புக்குப் போயிருந்தார். பிள்ளைகள் செய்த செய்முறையையே எடுத்து நிகழ்தகவு படிப்பிக்கலாம் என்று நினைத்தேன். ஒரு சிலைட்டில் நூறு பார்வைப்புலத்துக்கு இரண்டில்தான் கிருமி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானவரின் சிலைட்டில் ஐம்பது புலத்தை மட்டும் பார்த்தால் எத்தனை இடத்தில் கிருமியைக் காண்போம்? விசையை ஒருமுறை அழுத்தினால், கணினி ஐம்பது புலத்தைப் பார்த்த மாதிரி எண்ணிச் சொல்லும்படி அமைத்து வைத்தேன்.

"ஒவ்வொருத்தராய் வந்து ஒருக்கா அமத்துங்கோ. வந்த எண்ணைச் சொல்லுங்கோ," என்றேன்.

"ஒண்டு." "இரண்டு." "பூச்சியம்." "ஒண்டு." "பூச்சியம்." பூச்சியம் வந்தால் எல்லோரும் கை தட்டிச் சிரித்தார்கள். நான் கரும்பலகையில் கோடு போட்டுக்கொண்டு வந்தேன். வராதவள் ஒருத்திதான், ஊருக்குப் போனவள். மற்ற இருபத்தொரு பேரும் அழுத்தி முடிந்தபோது எட்டுப் பேருக்குப் பூச்சியம்.

"எட்டுப் பேர் என்ன சொல்லுவினம்?" என்று கேட்டேன்.

"கிருமி இல்லையெண்டு சொல்லுவினம் மிஸ்."

"ஆனா அந்த ஆளுக்கு?"

எல்லோரும் கரும்பலகைக் கோடுகளைத் திரும்பப் பார்த்தார்கள். நான் எதிர்பார்த்ததும் அதைத்தான். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அப்போது பின்னுக்கு நின்ற நுணுக்குக்காட்டி பார்க்கும் பையன் முன்னுக்கு வந்தான். அவன் எங்களோடு எங்கள் தமிழ்தான் கதைப்பான். அன்றைக்கு வீட்டில் பேசும் மலையகத் தமிழ் வாயில் வந்துவிட்டது.

"மிஸ், நான் அம்பதுதான் பார்த்தேன். எல்லாரோடதும் அம்பதுதான்."

நான் அவனைப் பார்த்தேன். அவன் ஆய்வுகூடப் பக்கம் கையைக் காட்டினான்.

"அவங்களுக்குக் காய்ச்சல் வந்துச்சு மிஸ். மத்தவங்களுக்கு வரல்ல."

யாரைச் சொல்கிறான் என்று எல்லோருக்கும் தெரிந்தது. அந்தச் சிலைட் இன்னும் ஆய்வுகூடத்தில் பூட்டிய பெட்டிக்குள் இருந்தது. திறப்பு என்னிடம்தான். ஆய்வுகூடத்துக்குப் போகும் நேரத்தில் மின்சாரம் நின்றது. கணினித் திரை சுருங்கிக் கறுத்துப்போனது. பிள்ளைகள் எங்களுக்குப் பின்னால் வந்து கதவடியில் நின்றார்கள்.

நுணுக்குக்காட்டியின் விளக்கு எரியாது. அவன் அதைத் தூக்கிக்கொண்டுபோய் யன்னலடி மேசையில் வைத்து, அடியிலிருந்த கண்ணாடியை வெயிலுக்குத் திருப்பினான். சிலைட்டை வைத்து ஒரு சொட்டு எண்ணெய் விட்டான். வெளியே வீதியால் கவச வண்டி ஒன்று போனபோது மேசை அதிர்ந்தது. அவன் கையை எடுத்துவிட்டு, அது போகும்வரை காத்திருந்து, பிறகு திரும்பக் குனிந்தான்.

"முதல்ல பாத்த இடத்தை விட்டிட்டு மற்றப் பக்கத்தாலை வாரும்," என்றேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னால் எனக்கு ஊதாப் புள்ளிகள்தான் தெரியும். இரத்தத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. கணினிக்குள் நான் போட்ட கிருமி வெறும் எண்தான்.

அவன் எண்ணிக்கொண்டு போனான். ஐம்பது. எழுபது. ஒரு பிள்ளை நிலத்தில் குந்தியிருந்து செபம் சொல்லத் தொடங்கினாள். தொண்ணூறு தாண்டியபின் அவன் எண்ணுவதை நிறுத்தினான். தலையைத் தூக்கவில்லை.

"என்ன?"

"ஒண்ணு இருக்கிற மாதிரி."

"மாதிரியோ?"

"சின்ன மோதிரம் மாதிரி, கல்லு வச்ச மோதிரம். அப்படித்தான் இருக்கும்னு படத்தில பார்த்திருக்கேன். சாயம் படிஞ்சிருந்தாலும் இப்படித் தெரியலாம் மிஸ்."

மணிக்கூட்டைப் பார்த்தேன். தாண்டிக்குளத்து இராணுவச் சோதனைச் சாவடியில் காலையிலேயே ஆட்களை வரிசையில் எடுக்கத் தொடங்குவார்கள். சோதனை முடிந்து அந்தப் பக்கம் விட்டால், ஓமந்தைவரை யாருக்கும் சொந்தமில்லாத வெளி. அதற்குப் பிறகு புலிகளின் பகுதி, அவளைக் கூப்பிட வழியில்லை. தடையால் அந்தப் பக்கத்தில் மருந்து படும் பாட்டை எல்லோரும் அறிந்திருந்தோம். ஒரு மோதிரத்தை நம்பி ஓடுவதா, இன்னொன்று காணும்வரை இருப்பதா? ஓடிப்போய் அது வெறும் சாயக்கறை என்றால், இரண்டாம் தடவையும் தகப்பனிடம் போகாமல் அவளைத் தடுத்தவள் நானாவேன்.

"இன்னும் பாரும்," என்றேன்.

அந்த நேரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. வெயில் யன்னற் கம்பியிலிருந்து விலக, அவன் கண்ணாடியை இரண்டு தடவை திருப்பினான். அவனுடைய மூக்கு நுனியிலிருந்து வியர்வை சொட்டியது. பிறகு "மிஸ்" என்று மட்டும் சொன்னான். அது கூப்பிட்டது இல்லை, மூச்சு விட்டது.

"இன்னொண்டோ?"

"ஓம் மிஸ். ஒரே செல்லுக்குள்ள இரண்டு கிடக்கு. இது சாயமில்லை."

சிலைட்டைப் பஞ்சில் சுற்றி அவனிடம் கொடுத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். அங்கே தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்லட்டும் என்றேன். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு தாண்டிக்குளம் போனேன்.

நெளுக்குளத்திலிருந்து பட்டினத்துக்குள் போய், அங்கிருந்து வடக்கே போகவேண்டும். வழியில் இரண்டு சோதனை இடத்தில் இறங்கி உருட்டவேண்டும். முதலாவதில் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு விட்டார்கள். இரண்டாவதில் கைப்பையைக் கொட்டச் சொன்னார்கள். சோக்குக் கட்டி, சீப்பு, சாப்பாட்டுப் பெட்டி. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்கள். அவசரம் என்று முகத்தில் காட்டினால் இன்னும் சுணங்கும் என்பது பழகிப்போன விசயம். கையைக் கட்டிக்கொண்டு, வேலையில்லாதவளைப்போல நின்றேன்.

தாண்டிக்குளத்தில் தகரக் கொட்டகைக்குள் சனம் நிறைந்திருந்தது. மூட்டைகள், சைக்கிள்கள், அழும் குழந்தைகள். முட்கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று தேடினேன். அவள் மேசைக்குக் கிட்டப் போய்விட்டாள். அவளுக்கு முன்னால் நாலைந்து பேர்தான். வெள்ளைச் சட்டை போட்டு, தலையை இழுத்துப் பின்னியிருந்தாள். பெயரைச் சொல்லிக் கத்தினேன். காவலுக்கு நின்ற சிப்பாய் துவக்கைக் குறுக்கே பிடித்துக்கொண்டு வந்தான்.

எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில், அவள் என் மாணவி, அவளுக்கு நோய், ஒரு வார்த்தை பேசவேண்டும் என்றேன். அவன் என்னை மேலுங்கீழும் பார்த்தான். அவனுக்கும் அவளுடைய வயதுதான் இருக்கும். உள்ளே போய், அவளைக் கம்பியடிக்கு வரச் சொன்னான்.

"என்ன மிஸ்? ஆருக்கென்ன?" என்று ஓடிவந்தாள்.

"உமக்குத்தான் பிள்ளை. உம்மட சிலைட்டைத் திரும்பப் பாத்தது. மலேரியா இருக்கு. நீர் திரும்பி வாரும்."

அவள் கம்பியைப் பிடித்தாள். "எனக்கு இப்ப ஒண்டுமில்லை மிஸ். நேற்றும் இல்லை. நல்லாச் சாப்பிட்டனான்."

"மலேரியாக் காய்ச்சல் விட்டு விட்டுத்தான் வரும். உமக்குத் தெரியாததே."

"ஆர் பாத்தது?"

சொன்னேன்.

"வெள்ளிக்கிழமை இல்லையெண்டு சொன்னதும் அவன்தானே? அண்டைக்குப் பிழையெண்டால் இண்டைக்குச் சரியெண்டு எப்பிடி?"

ஒரு தவணை முழுக்க அவர்களிடமிருந்து நான் கேட்க ஆசைப்பட்ட கேள்வி அது. அந்த இடத்தில் வந்து கேட்டாள்.

"இல்லையெண்டது ஐம்பது இடத்தை மட்டும் பாத்துச் சொன்னது. மிச்சத்தைப் பாக்கேல்லை. இருக்கெண்டது கண்ணாலை கண்டு சொல்லுறது. இரண்டும் ஒண்டில்லைப் பிள்ளை. காணாதது பிழைக்கலாம். கண்டது பிழைக்கிறது அரிது."

"அரிதோ? அப்ப நூற்றுக்கு நூறு இல்லை."

"இல்லை," என்றேன். பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஆஸ்பத்திரிக்குக் குடுத்து விட்டிருக்கு. இன்னும் மறுமொழி வரேல்லை."

அவளுடைய கண் நிறைந்துவிட்டது. "இப்ப திரும்பினால் இந்தப் பாஸ் வெட்டுப்படும் மிஸ். திரும்ப எடுக்க எத்தனை மாதமோ தெரியாது. அப்பாவின்ரை செத்த வீட்டுக்கும் நான் போகேல்லை. அம்மா பூசைக்குச் சொல்லி, சனத்துக்குச் சொல்லி, என்னைப் பாத்துக்கொண்டிருப்பா. நான் வரமாட்டன். பூசை முடியட்டும், அங்கை காட்டுறன்."

"அங்கை மருந்து கிடைக்குமோ எண்டு உமக்குத்தான் தெரியும்."

மேசையிலிருந்து அவளுடைய பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் போனாள். நான் கம்பியைப் பிடித்தபடி நின்றேன். அவள் கடதாசியை நீட்டினாள். மேசையிலிருந்தவர் எதையோ கேட்டார், அவள் எதையோ சொன்னாள். அவர் எழுதத் தொடங்கினார். முடிந்தது என்று நினைத்தேன். சைக்கிளைத் திருப்பினேன். இருபது பிள்ளைகளிடம் போய் என்ன சொல்வது என்று யோசித்தேன்.

பின்னால் யாரோ பெட்டியைத் தரையில் இழுத்துக்கொண்டு வரும் சத்தம் கேட்டது. அவள்தான். வெளிவாசலால் வந்துகொண்டிருந்தாள். ஏன் மனம் மாறினாள் என்று அன்றைக்கும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. என்னுடைய முகத்தைப் பார்க்காமல், "பின்னாலை ஏறவோ மிஸ்?" என்று மட்டும் கேட்டாள்.

பட்டினத்துக்குக் கிட்ட வரும்போது என் முதுகில் அவளுடைய தலை சாய்ந்தது. முதலில் அழுகிறாள் என்று நினைத்தேன். பிறகு சைக்கிளே ஆடத் தொடங்கியது. உச்சி வெயிலில் அவள் நடுங்கிக்கொண்டிருந்தாள். பல் அடிக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. இறங்கி, அவளைக் கரியரில் இருத்தி, என் தோளைப் பிடிக்கச் சொல்லி உருட்டினேன். வழியில் மறித்த சிப்பாய் அவளைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் கையைக் காட்டி விட்டான்.

ஆஸ்பத்திரி வாசலில் அந்தப் பையன் நின்றுகொண்டிருந்தான். எங்களைக் கண்டதும் ஓடிவந்து சைக்கிளைப் பிடித்தான். "பாத்திட்டினம் மிஸ். ஓம் எண்டு சொல்லிட்டினம். மூளைக்கு ஏறுற கூடாத வகையாம்." பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தான்.

பின்னேரம் அவளுக்குக் காய்ச்சல் ஏறியது. மறுநாள் நான் போனபோது என்னை யார் என்று கேட்டாள். பிறகு, வலையைக் காயப்போட்டாச்சோ என்று கேட்டாள். சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. மருத்துவர், நேரத்துக்குக் கொண்டுவந்தீர்கள், ஆனாலும் பொறுத்துத்தான் பார்க்கவேண்டும் என்றார். அந்த இரண்டு நாளும் ஆஸ்பத்திரி விறாந்தையில் முறை வைத்துப் பிள்ளைகள் நின்றார்கள். யாரும் வகுப்புக்கு வரவில்லை, நானும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் கஞ்சி குடித்தாள். அன்றைக்குத்தான் முள்ளிவாய்க்காலில் பூசை. என்னைக் கண்டதும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். நான் கொஞ்ச நேரம் கட்டிலடியில் நின்றுவிட்டு வந்துவிட்டேன். அவள் செய்தது பிழை என்று எனக்குப் படவில்லை. நான் செய்ததும் பிழை என்று படவில்லை.

அவள் வராததைக் கண்டு, சோதனையில் பிடித்துவிட்டார்கள் என்று நினைத்துத் தாய் பூசையின் நடுவிலேயே மயங்கிவிட்டாராம். அந்தச் செய்தி ஒரு கிழமை கழித்து ஆள் மூலம் வந்தது. உயிரோடு இருக்கிறாள் என்ற செய்தி அந்தப் பக்கம் போய்ச்சேர இன்னும் ஒரு கிழமை எடுத்தது.

இதற்கிடையில் எங்களுக்கு வேறொரு வேலை இருந்தது. பெட்டியில் இன்னும் இருபத்தொரு சிலைட்டுகள் கிடந்தன. எல்லாவற்றிலும் ஐம்பதுதான் பார்த்திருந்தது, எல்லாவற்றுக்கும் இல்லை என்றுதான் சொல்லியிருந்தது. மின்சாரம் வந்த நேரம் கணினியில் எண்ணை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தோம். நூறு புலம் பார்த்தால் பூச்சியம் எவ்வளவு குறைகிறது, இருநூறு பார்த்தால் எவ்வளவு? இந்தத் தடவை பூச்சியம் வந்தபோது யாரும் கை தட்டவில்லை. நான் சொல்லாமலே அவர்கள் கேட்டார்கள்: கிருமி இன்னும் குறைவாய் இருந்தால்? அப்ப முந்நூறு வேணுமோ? எண்ணெய் காணுமோ? கடைசியில் இருநூறு என்று அவர்களே முடிவு செய்தார்கள்.

பிறகு யன்னலடியில், வெயில் இருக்கும் நேரம் முழுக்க, ஒவ்வொரு சிலைட்டாகத் திரும்பப் பார்த்தோம். அந்தப் பையன் வேறு இருவருக்குப் பழக்கிவிட்டான். ஒரு கண் களைத்தால் மற்றவர் வந்து இருப்பார். தன்னுடைய சிலைட் மேசையில் ஏறும்போது பிள்ளைகள் முற்றத்துக்குப் போய்விடுவார்கள். சிலர் அடுத்த நாள் ஊருக்குப் போகவேண்டியவர்கள், சிலரின் வீடுகளில் கைக்குழந்தைகள் இருந்தன. ஒன்றிலும் கிருமி தெரியவில்லை.

கடைசிச் சிலைட்டும் முடிந்தபின் எல்லோரும் விறாந்தையில் வந்து கூடினார்கள். முதல் தவணையில் என்னைப் பாவமாகப் பார்த்த அந்தப் பிள்ளைதான் கேட்டாள்.

"அப்ப எங்களுக்கு இல்லைத்தானே மிஸ்?"

இருபது முகங்களும் என்னைப் பார்த்தன. ஓம் என்று சொல்லியிருக்கலாம். அன்றைக்கு அவர்களுக்கு அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது.

"காணேல்லை," என்றேன். "இருநூறு இடத்தில் தேடிக் காணேல்லை. காய்ச்சல் வந்தால் உடனே திரும்பக் குத்திப் பாக்கவேணும். அவ்வளவுதான் சொல்லலாம்."

நுணுக்குக்காட்டி பார்த்த பையன் கையைக் கழுவிக்கொண்டு வந்து படியில் இருந்தான். தூரத்தில், ஓமந்தைப் பக்கமாக, ஷெல் விழும் சத்தம் இரண்டு தடவை கேட்டது. பிள்ளைகள் பொழுதுபடுவதற்கு முன் வீடு போய்ச் சேர சைக்கிள்களை எடுத்தார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள் கொஞ்ச நாள் என்னோடு கதைக்கவில்லை. வகுப்புக்கு வருவாள், பின்வரிசையில் இருப்பாள், போவாள். ஐந்து மாதம் கழித்துத்தான் அவளுக்குத் திரும்பவும் அனுமதி கிடைத்தது. போவதற்கு முதல் நாள் ஆய்வுகூடத்துக்கு வந்து விரலை நீட்டி, "இருநூறும் பாருங்கோ," என்றாள். என்னிடம் இல்லை, அவனிடம். அவன் அன்று பின்னேரம் முழுக்க அந்தச் சிலைட்டோடு இருந்தான். அவள் பக்கத்தில் கதிரை போட்டு இருந்து, ஒவ்வொரு பார்வைப்புலத்துக்கும் கடதாசியில் ஒரு கோடு போட்டாள்.